கையைத் தூக்கினால் கெட்டிமேளம்

இன்று காலையில் ஒரு தேங்காய் உருண்டது. அதைப் பார்த்ததிலிருந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி மகள் கயலுக்குக் கல்யாணம். சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள். அதில் ஒருத்தியின் தட்டிலிருந்து ஒரு தேங்காய் கீழே விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதானே? கிடக்கவில்லை. நாற்காலிக் கால்களுக்கு இடையில் புகுந்து, என் செருப்பை உரசிக்கொண்டு, நேராக மணமேடையை நோக்கி ஓடி, முதல் படியில் முட்டித்தான் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தரை இன்னும் சரிவாகத்தான் இருக்கிறது! வழவழவென்று புதுக் கல் பதித்திருக்கிறார்கள், ஏசி வைத்திருக்கிறார்கள், கூரையில் தொங்குகிற விளக்குக்கே பெரிய செலவு ஆகியிருக்கும். தரையை மட்டும் மட்டம் பண்ணவில்லை.

நம் தியேட்டரின் அதே தரைதான். படத்தில் கதாநாயகி அழுகிற நேரமாகப் பார்த்து யாராவது காலி கலர் பாட்டிலைத் தட்டிவிடுவார்கள். அது பின்வரிசையிலிருந்து திரை வரைக்கும் கடகடவென்று உருண்டுகொண்டே போகும். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னா கலீஜ் ஆளுங்கமே, ஒரு சோகத்த ஒயுங்கா பாக்க வுட்றானுங்களா?" என்று திட்டுவாய்.

நம் தியேட்டர் கல்யாண மண்டபமானது எனக்குத் தெரியாததல்ல. திருவொற்றியூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த இடம் வந்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். இன்றுதான் உள்ளே வந்தேன். டிக்கெட் கொடுத்த ஜன்னல் இருந்த இடத்தில் பன்னீர்ச் செம்பும் கல்கண்டுத் தட்டும். திரை இருந்த இடத்தில் மேடை. வேறு எங்கேயோ இல்லை, சரியாகத் திரை இருந்த அதே இடத்தில். எத்தனை கல்யாணங்களை நாம் அண்ணாந்து பார்த்த சுவர் அது! வெறும் வெளிச்சமாக அங்கே வந்து போன மாலையும் மேளமும் இப்போது நிஜமாகவே வந்து இறங்கியிருக்கின்றன. பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு காபி எப்போது வரும் என்று பார்ப்பார். உன்னிடம் சொல்லியிருந்தால் என் கையை நசுக்கியிருப்பாய்.

கொருக்குப்பேட்டையில் ஒரே தெருவில் நமக்கு வீடு. தண்டையார்பேட்டையில் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் அடுத்தடுத்த மிஷினில் தையல். வாரம் முழுக்க யாரோ வெளிநாட்டுக்காரன் போடப்போகிற சட்டைக்கு நான் காலர் வைப்பேன், நீ கை வைப்பாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தியேட்டர். அதிலும் உனக்கு ஒரு பிடிவாதம். முந்தின ஆட்டம் விட்டு வெளியே வருகிற ஆளை நிறுத்தி, "ண்ணா, படத்துல கல்யாணம் கீதா?" என்று கேட்பாய். இல்லை என்றால் திரும்பிவிடுவாய். சண்டைப் படம், பேய்ப் படம், எதுவானாலும் சரி, அதில் ஒரு கல்யாணம் இருக்க வேண்டும். கல்யாணத்தைப் பற்றிய படமே என்றால் உனக்கு அன்றைக்குப் பண்டிகை. மணலி எண்ணெய் ஆலையிலிருந்து காற்று திரும்பி தெருவெல்லாம் கேஸ் நாற்றம் அடித்தாலும் தலைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருவாய். "கல்யாணத்துக்குப் போறோம்மே, மொட்டத் தலையோடவா போறது?" என்பாய்.

படத்தின் பெயர் உன் தலையில் நிற்காது. நீயே பெயர் வைப்பாய். குடைப் படம் நினைவிருக்கிறதா? கல்யாணத்தன்று மழை. பந்தல் ஒழுகுகிறது. எல்லோரும் மணப்பெண்ணுக்குக் குடை பிடிக்க ஓடுகிறார்கள். பெண்ணின் அப்பா மட்டும் பின்கட்டில் சாப்பாட்டு அடுப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுப்பு அணைந்தால் வந்தவர்கள் பட்டினி போய்விடுவார்களே. முன்னால் கெட்டிமேளம் கேட்கிறது. அந்த ஆள் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் குடை சாய்ந்துவிடும். திரையில் அவர் முதுகு மட்டும்தான். ஒரே ஒரு தரம் அந்த முதுகு குலுங்கியது.

பாட்டு வந்தால் எழுந்து ஆடுகிற, வில்லன் வந்தால் காகிதம் கிழித்து வீசுகிற நம்ம ஏரியா ஜனம் அன்றைக்கு மூச்சு விடவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ அழவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு, கோயிலில் திரை விலகும்போது பார்க்கிற மாதிரி பார்த்தாய். வெளியே வந்து ரயில்வே கேட்டில் நின்றோம். கூட்ஸ் வண்டி போய் முடிந்த பிறகு சொன்னாய், "அந்தாளு முதுகு நடிச்சிதுமே." அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் பெண்ணின் அப்பா எங்கே நிற்கிறார் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

தாலி ஏறியதும் 'சுபம்' போட்டு விளக்கைப் போடுகிற படங்கள் மேல் உனக்குத் தீராத கோபம். "இன்னா அவசரம் இவனுக்கு? அதுக்கு அப்பாலதான்மே படமே கீது" என்பாய். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஓடுகிற படம்தான் உன் கணக்கில் பெரிய படம். அதனால்தான் உப்புப் படத்தை மறுபடி மறுபடி பார்த்தோம். புது மருமகள் முதல் நாள் சமைக்கிறாள். உப்பு ஜாடி எங்கே என்று தெரியாது, கேட்கக் கூச்சம். உப்பில்லாமலே குழம்பு வைத்துவிடுகிறாள். புருஷன் பேசாமல் சாப்பிடுகிறான். மாமியார் பேசாமல் சாப்பிடுகிறாள். மாமனார் மட்டும் எழுந்து உள்ளே போய் ஜாடியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான், படம் முடிந்தது. ஒரு ஜாடி உப்பை வைத்து ஒரு மனுஷனால் இப்படி ஒரு படத்தை முடிக்க முடியுமா என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

இன்னொரு கோபமும் உனக்கு உண்டு. கடைசி நேரத்தில் "நிறுத்துங்க!" என்று கல்யாணத்தை நிறுத்துகிற காட்சி. நிறுத்துகிறவர் எப்போதும் வெளியிலிருந்துதான் வருவார். போலீஸ் ஜீப்பில் வருவார், மோட்டார் சைக்கிளில் வருவார், கைக்குழந்தையோடு ஒரு பெண் வருவாள். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்திலிருந்து ஒருவர்கூட எழுந்தது கிடையாது. நீ முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு புலம்புவாய். "அத்தினி பேரு குந்திகினு கீறாங்க. ஒருத்தர் கண்ணுலயுமா அந்தப் பொண்ணு மூஞ்சி படல?"

அதை நீ வெறும் புலம்பலாகச் சொல்லவில்லை என்பது எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது தெரிந்தது.

மாப்பிள்ளை எண்ணூரில் வெல்டர். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய மாமாதான் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனுஷனுடைய குரலைக்கூடக் கேட்காமல் அவனோடு காலம் பூரா எப்படி இருப்பது? வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. உன்னிடம் சொன்னேன்.

"இன்னாமே, ஊமைப் படமா?" என்றாய். பிறகு நான் அழுவதைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினாய். "இத பாரு செல்வி. நா மூணாவது வரிசைல ஓரமா குந்திகினு இருப்பேன். மேடைல குந்தினப்புறம் உனுக்கு வேணாம்னு தோணுச்சுன்னா என்னைப் பாத்து ரெண்டு வாட்டி கண்ண மூடித் தொற. நா எந்திரிச்சு நிறுத்திட்றேன்."

"எல்லாரும் உன்ன அடிப்பாங்கமே."

"அடிக்கட்டும். தையக்காரி ஒடம்புமே இது, தாங்கும்."

நான் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கல்யாணத்தன்று மேடையில் உட்கார்ந்ததும் உன்னைத் தேடினேன். சொன்னபடி மூன்றாவது வரிசையில், ஓரத்தில், பச்சைப் பட்டில் இருந்தாய். பக்கத்து நாற்காலிக்காரம்மா ஏதோ பேச்சுக் கொடுத்தும் நீ என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐயர் நெய்யை ஊற்ற ஊற்றப் புகை கிளம்பியது. மாப்பிள்ளை அப்போதும் பேசவில்லை. ஐயர் சொல்லிக்கொடுத்த மந்திரத்தைக்கூட உதட்டளவில்தான் சொன்னார். அட்சதைத் தட்டில் தாலி ஊர்சுற்றி வந்து அவர் கைக்குப் போனது. கண்ணை மூடித் திறந்தேன். மறுபடி மூடித் திறந்தேன். புகை இருந்தது உண்மைதான், ஆனால் நான் மூடியது புகைக்காக இல்லை.

நீ எழுந்தாய்.

அவ்வளவு பெரிய கூட்டத்தில், என் அண்ணன், உன் அம்மா, நம்ம கம்பெனி சூப்பர்வைசர், மாப்பிள்ளையின் அந்த மாமா, எல்லோரும் இருக்கிற இடத்தில், என்னுடைய இரண்டு கண்சிமிட்டலை மட்டும் நம்பி நீ எழுந்து நின்றாய். எந்தப் படத்திலும் நடக்காதது அது. வலது கையை உயரத் தூக்கினாய். வாழ்நாளெல்லாம் 'இன்னா', 'கீது' என்று பேசிய நீ அன்றைக்குச் சுத்தமான சினிமாத் தமிழில் "நிறுத்துங்க!" என்று கத்தினாய்.

மேளக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். முகூர்த்த நேரத்தில் யாராவது கையைத் தூக்கினால் கெட்டிமேளம். அதற்கு முன்னாலும் இன்னொரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வந்திருந்தார், பாவம், அரைத் தூக்கம். உன் கை மேலே போனதைப் பார்த்ததும் தவில்காரர் அலறியடித்துக்கொண்டு வெளுத்துவாங்கிவிட்டார். நாதஸ்வரம் பின்னாலேயே வந்து சேர்ந்தது. முகூர்த்த நேரத்தில் தும்மல், அழுகை என்று கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் வாசிக்கிறார்கள்? உன் 'நிறுத்துங்க'வை அது முழுசாக விழுங்கிவிட்டது. ஐயர், "இருங்கோ, இருங்கோ" என்றதும் எடுபடவில்லை. மேளம் கேட்டதும் ஜனம் அட்சதையை வீசிவிட்டது. அரிசி தலையில் விழுந்ததும் மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கட்டிவிட்டார். அவர் அக்கா மிச்ச முடிச்சுகளைப் போட்டாள்.

நீ தூக்கிய கையைக் கீழே இறக்கத் தெரியாமல் அப்படியே நின்றாய். பக்கத்து நாற்காலிக்காரம்மா அந்தக் கையில் கொஞ்சம் அட்சதையைத் திணித்தாள். நீயும் போட்டாய். வேறு என்ன செய்வாய்?

போட்டோ எடுக்க மேடைக்கு வந்தபோது உன் முகம் வெளிறியிருந்தது. என் காதில் குனிந்து, "இன்னாமே இப்டி ஆயிப்போச்சு? நிறுத்த வந்த நானே கட்டி வச்சுட்டேனே" என்றாய். எனக்கு எங்கிருந்துதான் சிரிப்பு வந்ததோ, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். மணப்பெண் இப்படியா சிரிப்பாள் என்று அண்ணி என் தொடையில் கிள்ளினாள்.

பந்தியில் இலைக்கு முன்னால் என்னையும் மாப்பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். அங்கேதான் முதல் முறையாக அவர் குரலைக் கேட்டேன். மெல்லிய குரல், கொஞ்சம் கரகரப்பு.

"உங்க தோஸ்து நிறுத்தத்தான கைய தூக்குனாங்க?"

சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினேன். "ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

"எங்க ஷெட்டுல ஒரே சத்தம். ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. ஒதட்டப் பாத்துத்தான் பேசிப்போம். அவங்க 'நிறுத்துங்க'ன்னது நல்லாத் தெரிஞ்சிச்சு." இலை ஓரத்து உப்பை விரலால் ஒதுக்கினார். "எனுக்கும் பயமாத்தான் இருந்திச்சு. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. ஒனுக்கு இஸ்டமா இல்லியான்னு யார கேக்குறது? மாமாவ மீறி எனுக்காக எந்திரிக்க அங்க ஒரு ஆளு கெடியாது."

அப்பளம் வைக்கிறவர் வந்து போனார். மாப்பிள்ளை மறுபடி சொன்னார், "இப்பகூட ஒண்ணியும் மோசம் போவல. வேணாம்னா சொல்லிடு. நானே மாமா கைல பேசுறேன்."

குடைப் படத்தில் அந்த முதுகைப் பார்த்தபோது உன் கண் எப்படி விரிந்ததோ, அப்படித்தான் என் கண் அப்போது விரிந்திருக்கும். இவ்வளவு நேரம் ஊமை என்று நான் நினைத்த ஆள், தாலி கட்டிய கை காய்வதற்குள் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னேன், "கொஞ்சம் ஓடட்டும். பாக்கலாம்."

சாயங்காலம் உன்னிடம் இதைச் சொன்னபோது நீ என்னை விட்டுவிட்டு அவரைப் போய்க் கட்டிக்கொள்ளாததுதான் பாக்கி. "இவன் உப்பு ஜாடி எடுத்தாந்து வச்ச ஆளுமே!" என்றாய்.

அதற்குப் பிறகு நம் இருவருக்கும் வணக்கமே மாறிவிட்டது. தெருவில் பார்த்தாலும், போன் பண்ணினாலும் நீ கேட்கிற முதல் வார்த்தை, "இன்னாமே, நிறுத்தட்டா?" நான், "வேணாம், ஓடட்டும்" என்பேன். பாதி நாள் அது விளையாட்டு. அவருக்கு வேலை போய் இரண்டு பேரும் எரிந்து விழுந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் விளையாட்டாக இல்லை. நீ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். நான் சரி என்றிருந்தால் என் துணிமணியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பாய். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அது தெரிந்ததால்தான் என்னால் யோசித்து யோசித்து 'ஓடட்டும்' என்று சொல்ல முடிந்தது. வேறு வழியில்லாமல் நான் ஒரு நாளும் இந்தக் கல்யாணத்தில் இருந்ததில்லை. இதற்கு உனக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும், சொல்லு.

எங்கள் கல்யாண வீடியோவில் நீ கையைத் தூக்கி நிற்கிற இடத்தில் வீடியோக்காரர் அதை ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டு இதய வடிவில் ரோஜாப்பூ சுற்றவிட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு தரம் அதைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தி, "பாரு, நம்ம கல்யாணத்துக்கு இன்ஸ்பெக்டரு" என்பார்.

நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "எனுக்குப் பாக்கத்தான்பா புடிக்கும்" என்றாய். உன் தம்பி வீட்டில் இருந்தாய், கயலைத் தூக்கி வளர்த்தாய், அவளையும் படத்துக்குக் கூட்டிப்போனாய். பிறகு சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாய். கடைசியாக உன்னைப் பார்த்த அன்று கையெல்லாம் ஊசி குத்திக் கறுத்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. அதுவரை நீயே கேட்டதை நான் முதல் முறையாகக் கேட்டேன். "நிறுத்தட்டாமே? டாக்டராண்ட நா பேசட்டா?"

நீ சிரித்தாய். பல் மட்டும் அப்படியே இருந்தது. "ஓடட்டும்மே. இன்னும் கொஞ்சம் படம் கீது" என்றாய். கொஞ்சம்தான் இருந்தது.

இன்று காலை முகூர்த்தத்துக்கு முன்னால் மணப்பெண் அறைக்குப் போனேன். கயல் ஜோடனையெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையை அவளேதான் தேர்ந்தெடுத்தாள், தினமும் போனில் பேசுகிறாள், குரல் கேட்காத கதையெல்லாம் அவளுக்கு இல்லை. இருந்தாலும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணப்பெண்ணிடம் நான் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது. அதை அவளிடமும் சொல்லக் குனிந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"மூணாவது வரிசை, ஓரம். ரெண்டு வாட்டி கண்ண மூடித் தொறக்கணும். தெரியும் ஆண்ட்டி. அத்த சொல்லிட்டுத்தான் போச்சு. 'நா இல்லன்னாலும் செல்வி எந்திரிக்கும், நீ தைரியமா போய் குந்து'ன்னு சொல்லிச்சு."

அதற்குப் பிறகு நான் எப்படி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. மூன்றாவது வரிசை, ஓரம். நாம் உட்கார்ந்து குடைப் படம் பார்த்த இடத்துக்கு ஒரு வரிசை முன்னால். தேங்காய் உருண்டது அப்போதுதான்.

தாலி மாப்பிள்ளை கைக்குப் போனது. புகை எழுந்தது. உன் தம்பி எங்கே என்று பார்த்தேன். மேடையின் பின்பக்கம் திரும்பி, விளக்கின் திரியைத் தேவையில்லாமல் தூண்டிக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. கயல் தலையை நிமிர்த்தினாள். புகைக்குள்ளிருந்து அவள் கண் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து என்னிடம் நின்றது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ. அவள் கண்ணை மூடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வெல்டர் பெண்டாட்டிக்கு உதட்டைப் படிக்கத் தெரியாதா?

"ஓடட்டும்" என்றாள்.

நான் இரண்டு கையையும் கோத்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். கண்ணைத் துடைக்கக்கூடத் தூக்கவில்லை. தவில்காரர் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.